குழம்பில் காரம் கூடிவிட்டது, கொட்டிவிடவா?

கேள்வி: புதிதாக வாங்கிய மிளகாய்த்தூளை வழக்கமான அளவுதான் போட்டேன். குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு போட்டால் காரத்தை இழுத்துவிடும் என்றார்கள், அதுவும் பலிக்கவில்லை. கொட்டிவிடுவதா? தூளில்தான் கோளாறா?

பதில்: கொட்ட வேண்டாம். உருளைக்கிழங்கு குழம்பை உறிஞ்சுமே தவிர, காரத்தை மட்டும் பிரித்து எடுக்காது. மிச்சமிருக்கும் குழம்பில் அதே காரம்தான் நிற்கும்.

மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருளால் வருகிறது. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே, முதல் வேலையாக மேலே மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுங்கள். அதோடு கொஞ்சம் காரமும் போய்விடும். அப்புறம், மிளகாயே சேர்க்காமல் இன்னொரு பங்கு குழம்பு வைத்து இதோடு கலந்துவிடுங்கள். நான் முழுதாக நம்பும் வழி இதுதான். வெறும் தண்ணீரை ஊற்றினால் உப்பு, புளிப்பு எல்லாம் சேர்ந்து சப்பென்று ஆகிவிடும்.

அதற்கு நேரமில்லையா? தேங்காய்ப்பால், முந்திரி விழுது, தயிர் இவற்றில் குழம்புக்குப் பொருந்துவதைச் சேருங்கள். மாட்டுப்பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பிடித்துக்கொள்கிறது. தயிர் என்றால் நன்றாகக் கடைந்து, அடுப்பை அணைத்த பிறகு விடுங்கள்; இல்லாவிட்டால் திரிந்துவிடும். காரத்தைத் தணிக்கச் சர்க்கரையும் சேர்க்கலாம், ஒரு சிட்டிகை போதும்.

கொதிக்கக் கொதிக்க ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டை உணரும் அதே உணர்வியைத்தான் கேப்சைசினும் தூண்டுகிறது. (இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) சற்று ஆறியதும் காரம் குறைந்தே தெரியும்.

சரி, தூளுக்கு வருவோம். காரம் அதிகம் என்பதாலேயே அது கெட்ட சரக்கு ஆகிவிடாது. மிளகாயில் நிறம் தரும் பொருள் வேறு, காரம் தரும் பொருள் வேறு. செக்கச்செவேல் என்றிருக்கும் தூள் காரம் குறைந்ததாகவும் இருக்கலாம். வகைக்கு வகை, விளைச்சலுக்கு விளைச்சல் காரம் மாறும். பாக்கெட்டில் காரத்தைக் குறிக்கும் ஸ்கோவில் அளவு அச்சிட்டிருந்தால் பாருங்கள். எண் கூடக் கூடக் காரமும் கூடும். நிறத்தைப் பெரிதாக விளம்பரம் செய்கிறவர்கள் இந்த அளவையும் கட்டாயம் போட வேண்டும் என்பேன். வாங்குகிறவருக்குத் தேவையான விவரம் அது. பூசண வாடையோ கட்டியோ இருந்தால் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.

புது பாக்கெட்டைப் பிரித்தால் முதல் தடவை பாதி அளவு மட்டும் போட்டு, ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.