டீச்சரிடம் கேளுங்கள்: சுவரில் ஏன் நான்காம் இடம்?

(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

டீச்சர், சின்ன வயதிலிருந்து ஒரே படத்தைத்தான் அறையில் மாட்டி வைத்திருப்பதாகப் போன இதழில் சொன்னீர்கள். யார் படம் அது? வேறு என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள்?
வாசகி, தென்காசி

பி.டி. உஷாவின் படம், அம்மா. 1984, லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக், பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம். முன்கால் தடைக்கு மேல் நீண்டிருக்கும், பார்வை அடுத்த தடையில் நிற்கும். அப்போது நான் நாகர்கோவிலில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் வந்த படத்தை அப்பாதான் பிளேடால் வெட்டிக் கொடுத்தார். வயசுக்கு வந்த பெண் கிரவுண்டுக்குப் போகலாமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம். கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

உஷா எங்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தவர் இல்லை. கோழிக்கோடு பக்கம் பய்யோளியில் வளர்ந்தவர். பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரைக் கடற்கரை மணலில் ஓடவிட்டுப் பழக்கினார். மணலில் காலை ஊன்றித் தள்ளினால் பாதி பலம் மணலுக்கே போய்விடும். அதையும் மீறி வேகம் எடுக்கப் பழகியவருக்குக் கெட்டியான ட்ராக் லேசாகத் தெரியும். இதைப் படித்த பிறகு நானும் என் தோழிகளும் சங்குத்துறை மணலில் ஓட ஆரம்பித்தோம். எங்கள் பள்ளியில் ட்ராக் கிடையாது, கோச் கிடையாது. கடல் இருந்தது.

படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை அடித்திருக்கிறேன். அதில் நான் ஓடிய ஸ்பைக்ஸ் ஷூ, பள்ளியில் ஊதித் தேய்ந்த விசில், பய்யோளிக்குப் போனபோது எடுத்து வந்த ஒரு பாட்டில் மணல், ரிலே ஓட்டத்தில் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு பேட்டன். பேட்டன்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. மாவட்டப் போட்டியில் ஓடி முடித்த என் மாணவிகள் நால்வரும் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பெயர்கள் வியர்வையில் அப்போதே கலைந்துவிட்டன. யார் யார் என்று எனக்குத் தெரியும். சான்றிதழ்களெல்லாம் பீரோவில் இருக்கின்றன.

உஷா அடுத்த வருடமே ஜகார்த்தாவில் ஐந்து தங்கம் வாங்கினாரே! அதை விட்டுவிட்டு, பதக்கம் தவறிய ஓட்டத்தின் படத்தை ஏன் மாட்டியிருக்கிறீர்கள்?
வாசகர், கரூர்

நிறையப் பேர் கேட்கிற கேள்வி, தம்பி. 1985 ஆசியத் தடகளத்தில் 100, 200, 400, 400 மீட்டர் ஹர்டில்ஸ், 4x400 ரிலே என ஐந்து தங்கம், கூடவே ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் நான்கு தங்கம். அதெல்லாம் எனக்கும் மனப்பாடம்.

ஆனால் லாஸ் ஏஞ்சலீஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதே அந்த வருடம்தான். ஒலிம்பிக் தடகளத்தில் இறுதி ஓட்டத்துக்கு வந்த முதல் இந்தியப் பெண் உஷா. மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 விநாடியில் முதலிடம், அமெரிக்காவின் ஜூடி பிரவுன் இரண்டாமிடம். மூன்றாவதாக வந்த ருமேனியாவின் கொஜொகாருவுக்கு 55.41, உஷாவுக்கு 55.42. சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் அந்த நூறில் ஒரு பங்கு விநாடி ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். உங்கள் ஆள்காட்டி விரலின் நீளம்தான் இருக்கும்.

இந்த ஓட்டத்தில் மொத்தம் 10 தடை, ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர் உயரம். கடைசித் தடையைத் தாண்டிய பிறகு 40 மீட்டர் வெறும் ஓட்டம். கால் கனத்துப் போயிருக்கும், மூச்சு தொண்டையில் நிற்கும். முடிவுக் கோட்டில் தலையோ கையோ காலோ கணக்கில்லை, உடல் பகுதி எப்போது கோட்டைத் தொடுகிறது என்பதுதான் கணக்கு. அதனால்தான் கடைசிக் காலடியில் நெஞ்சை முன்னே தள்ளச் சொல்கிறோம். அதைச் சரியாகச் செய்யாமல் போனதாக உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

என் பெண்களை அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கவைத்து இதைத்தான் சொல்வேன். மறுநாள் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு, "நெஞ்சைக் கொடுடீ, நெஞ்சைக் கொடு!" என்று கத்துவேன். ஐந்து தங்கத்தின் படத்தைக் காட்டினால் கைதட்டுவார்கள். இந்தப் படத்தைக் காட்டினால் அடுத்த நாள் வந்து கோட்டில் பழகுவார்கள். அதை "தோல்வி" என்று எழுதியவர்களை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அப்பா சேர்த்து வைத்த பழைய விளையாட்டுச் செய்தி வெட்டுகள் மஞ்சளாகிப் பொடிந்துபோகின்றன. ஃபிரேம் போடலாமா?
வாசகி, காரைக்குடி

அசலை ஃபிரேம் போட வேண்டாம். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் செய்வது. அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், தாளும் முறுமுறுவென்று ஆகிவிடும். மடித்திருப்பதைப் பிரிக்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்கேன் செய்து நல்ல தாளில் பிரிண்ட் போட்டு, அதைச் சுவரில் மாட்டுங்கள். என் சுவரில் இருப்பதும் நகல்தான்.

அசலை மடிக்காமல், அமிலமில்லாத தாள்களுக்கு நடுவே வைத்து, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. மைதாப் பசையும் வேண்டாம், பூச்சி வரும். வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து, தாளில் படாமல் ஓரமாக வையுங்கள். அப்பா ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கள், அம்மா. செய்தி வேறு எங்காவது கிடைக்கும், அந்தக் கையெழுத்து கிடைக்காது.

என் மகள் ஹர்மன்ப்ரீத் கவுர் போஸ்டர்களை ஒட்டியே தீருவேன் என்கிறாள். வாடகை வீடு. என்ன செய்வது?
வாசகர், தாம்பரம்

ஒட்டினால் எடுக்கும்போது பெயின்ட் உரிந்து வரும். ஒரு சாஃப்ட் போர்டு வாங்கிச் சாய்த்து வையுங்கள், அவள் இஷ்டப்படி குத்திக்கொள்ளட்டும். போஸ்டருக்குப் பக்கத்தில் 2017 மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி ஸ்கோர் கார்டையும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்: இங்கிலாந்தின் டெர்பியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 115 பந்தில் 171, நாட் அவுட். மகள் விளையாடுகிறாள் என்றால் அவளுடைய சாமான்களுக்கும் ஒரு தட்டு வேண்டியிருக்கும். ஆணி அடிக்கும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.