அப்பாவின் டப்பாவில் அக்சும் காசு: விற்கலாமா, விளக்கலாமா?

கேள்வி: என் அப்பா 1968 முதல் 1974 வரை எத்தியோப்பியாவில், அட்வா என்ற ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தார். அவர் காலமான பிறகு அலமாரியில் ஒரு பவுடர் டப்பா கிடைத்தது. உள்ளே ஆறு சின்னச் செம்புக் காசுகள், ஒரு பெரிய வெள்ளிக் காசு. செம்புக் காசுகளில் ஒரு பக்கம் தலை, மறுபக்கம் சிலுவை. இரண்டில் சிலுவையின் நடுவே பொன்னிறமாக மின்னுகிறது. பழங்காசு வாங்கி விற்கும் ஒருவர், “இது ஷீபா ராணி காலத்துக் காசு, மூவாயிரம் வருஷப் பழசு, லட்சக்கணக்கில் போகும். சான்றிதழுக்கு 45,000 ரூபாய் கட்டுங்கள், இல்லாவிட்டால் புதையல் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்” என்கிறார். உண்மையா? இவற்றைப் புளி போட்டு விளக்கலாமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: புளி வேண்டாம். 45,000 ரூபாயும் வேண்டாம். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

ஷீபா ராணி கதையை முதலில் முடித்துவிடுவோம். ஷீபா ராணி தேடிப்போய்ச் சந்தித்ததாகப் பைபிள் சொல்லும் சாலமோன் மன்னரின் காலம் என்று சொல்லப்படுவது கி.மு. பத்தாம் நூற்றாண்டு. அன்று உலகில் எங்குமே முத்திரையிட்ட காசு கிடையாது. எத்தியோப்பிய மன்னர்கள் தங்களை சாலமோன், ஷீபா வம்சம் என்று சொல்லிக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தக் கதை எழுத்தில் நிலைபெற்றது 14ஆம் நூற்றாண்டில். உங்கள் காசுகள் அசல் என்றால், அவை அதற்கும் முன்னால், வடக்கு எத்தியோப்பியாவில் இருந்த வேறொரு அரசு வெளியிட்டவை. அக்சும் அரசு. அட்வாவுக்குப் பக்கத்து ஊர்தான் அக்சும். மழையில் மண் கரைந்தால் அந்த வயல்களில் பழங்காசு மேலே வரும், பிள்ளைகள் பொறுக்கி விற்பார்கள். ஒரு வாத்தியார் கைக்கு அவை வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

படத்தை வைத்துப் பார்த்தால் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். எடை போடாமல், எழுத்தை உருப்பெருக்கியில் படிக்காமல் ‘அசல்’ என்று எவரும் முத்திரை குத்த முடியாது. வாட்ஸ்அப் படத்தைப் பார்த்த அடுத்த நிமிடமே ‘ஒரிஜினல்’ என்று அடித்துச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி அந்தப் பொன்னிறம். உங்கள் கேள்வியில் முக்கியமான இடம் இதுதான், பலர் காசைக் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்.

செம்பின் மேல் தங்க முலாம் இருந்தால் போலி என்று சந்தேகப்படு என்பது பழங்காசு சேகரிப்பவர்களுக்கு முதல் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அக்சும் காசு இதற்கு விலக்கு. அங்கே காசு அடித்த இடத்திலேயே செம்பின் மேலும் வெள்ளியின் மேலும் தங்கம் பதித்தார்கள். ஒரு மன்னர் காசில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல இருக்கும், வேறு சிலவற்றில் சிலுவையின் நடுவில் இருக்கும். பழங்காலக் காசுகளில் வேறெங்கும் இதைப் பார்ப்பது அரிது. சந்தையில் உப்பு வாங்கவும் தானியம் வாங்கவும் புழங்கிய சில்லறைக் காசில் எதற்கு இவ்வளவு வேலை? என் கணிப்பைச் சொல்கிறேன். தங்கக் காசு உள்ளூர்க் குடியானவன் கையில் புழங்கவில்லை, அது கடல் கடந்த வணிகத்துக்குப் போனது. அரசனின் தங்கத்தையும் அரசனின் சாமியையும் அந்தக் குடியானவன் சேர்த்துப் பார்த்தது இந்தச் செம்புக் காசில்தான். அந்தத் தங்கம் முடியைவிட மெல்லிய பூச்சு. புளி, எலுமிச்சை, பல் தேய்க்கும் பேஸ்ட், நகைக்கடைக்காரரின் அமிலம் எதுவானாலும் ஒரே தேய்ப்பில் போய்விடும். போனால் காசின் மதிப்பில் பெரும்பகுதியும் கூடவே போகும். அதற்காகப் பொன்னிறம் இருந்தால் கட்டாயம் அசல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த விலக்கைத் தெரிந்துகொண்டு இப்போது சிலர் போலிக் காசிலும் நடுவில் தங்கப் பூச்சு வைக்கிறார்கள். பூச்சின் விளிம்பு பச்சைக் களிம்புக்கு அடியில் போகிறதா, மேலே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் போனால் நல்ல அறிகுறி.

ஏன் சிலுவை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தரகரை மடக்க அது உதவும். செங்கடல் கரையில் அதூலிஸ் என்ற துறைமுகம் அக்சுமின் வாசல். யானைத் தந்தம் அங்கிருந்து ரோமப் பேரரசுக்குப் போனது, இந்திய இரும்பும் பருத்தித் துணியும் அங்கே வந்து இறங்கின. காசு அடிக்கத் தொடங்கியது கி.பி. 270 வாக்கில் எண்டுபிஸ் என்ற மன்னர். தங்கக் காசில் கிரேக்க எழுத்து, ஏனென்றால் கடல் வணிகர்கள் படித்தது அதைத்தான். ரோமர்கள் தங்கள் தங்கக் காசை மாற்றியமைத்ததும் இவர்களும் எடையை 2.7 கிராமிலிருந்து 1.6 கிராமுக்கு இறக்கிக்கொண்டார்கள். உள்ளூரில் புழங்கிய வெள்ளி, செம்புக் காசுகளுக்குப் போகப் போக உள்ளூர் கீஸ் எழுத்து வந்தது.

ஆரம்பத்தில் காசின் உச்சியில் இருந்தது பிறையும் வட்டமும். நான்காம் நூற்றாண்டில் எசானா மன்னர் கிறிஸ்தவரானார், அந்த இடத்துக்குச் சிலுவை வந்தது. சிலுவையைக் காசில் போட்ட உலகின் முதல் சில அரசர்களில் அவர் ஒருவர். சாலமோன் காலத்துக் காசில் சிலுவை எப்படி வந்தது என்று அந்தத் தரகரைக் கேட்டுப் பாருங்கள். எசானாவிடம் பக்தி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரோம் கிறிஸ்தவத்துக்குத் திரும்பிய காலம் அது, அக்சுமின் பெரிய வாடிக்கையாளரும் ரோம்தான். கிரேக்க மொழிக் கல்வெட்டில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பளிச்சென்று எழுதியவர், சொந்த மக்கள் படிக்கும் கீஸ் கல்வெட்டில் ‘வானத்தின் ஆண்டவர்’ என்று பொதுவாக நிறுத்திக்கொண்டார். அக்காலச் செம்புக் காசு சிலவற்றில் ‘இது நாட்டுக்குப் பிடிக்கட்டும்’ என்ற வாசகம் வேறு உண்டு. புது மதத்தை ஊருக்குள் கொண்டுவரும்போது இப்படிப் பக்குவமாகத்தான் போக வேண்டியிருந்தது போலும்.

தங்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஆறாம் நூற்றாண்டில் அதூலிசுக்கு வந்த காஸ்மஸ் என்ற வணிகர் எழுதிவைத்திருக்கிறார். அரசரின் ஆட்களோடு ஐந்நூறு பேருக்கு மேல் கூட்டமாகத் தெற்கே போவார்கள். முள்வேலி கட்டி, மாட்டிறைச்சியும் உப்பும் இரும்பும் அதன் மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் வந்து தங்கக் கட்டியை வைப்பார்கள். பேச்சே இல்லாத பேரம். போய்த் திரும்ப ஆறு மாதம். இடையில் தரகர் எவரும் இல்லை!

பெரிய வெள்ளிக் காசு வேறு கதை. படத்தில் பருத்த பெண்மணி, இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்ற ஆண்டு. இது ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர். எத்தியோப்பியாவில் இருபதாம் நூற்றாண்டு வரை புழங்கியது. அவர் 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள், 1940களில் பம்பாய் நாணயச்சாலைகூட அடித்தது. அதனால் 1780 என்பதை வைத்து வயது சொல்ல முடியாது. இது வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

சட்டத்துக்கு வருவோம். உங்களைப் பயமுறுத்தும் புதையல் சட்டம் 1878ஆம் ஆண்டுடையது. மண்ணுக்கடியில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்! ஒரு டீ வாங்கவே போதாத தொகையை இன்னும் சட்டத்தில் வைத்திருக்கிறார்கள், இப்படி மிரட்டுபவர்களுக்குத்தான் அது வசதி. அலமாரி டப்பா மண்ணுக்கடியில் இல்லை. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

உங்களைத் தொடுவது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், அந்த ஆளிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பத் தனியாருக்கு அனுமதியே கிடையாது, மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ‘லண்டன் ஏலத்தில் போட்டுத் தருகிறேன்’ என்று எவராவது சொன்னால், மாட்டப்போவது நீங்கள்தான். அப்புறம் அந்தச் சான்றிதழ். இந்தியத் தொல்லியல் துறை கொடுப்பது, ஏற்றுமதிக்காக, ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ். ‘இது மூவாயிரம் வருஷப் பழசு’ என்று காசு வாங்கிக்கொண்டு எழுதித்தர எந்தத் தனி ஆளுக்கும் சட்டம் அதிகாரம் தரவில்லை. இதையெல்லாம் ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுவார்கள், அங்கே போனால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். அலைந்து சலித்தவரைத்தான் தரகர் வாசலில் நின்று பிடிக்கிறார்.

இன்னொரு வலையும் உண்டு. செம்பில் தங்கம் மின்னுவதைப் பார்த்தால் ‘இரிடியம்’, ‘ரைஸ் புல்லிங்’, அதாவது அபூர்வ உலோகம் கலந்த காசு அரிசியை இழுக்கும் என்று அரிசியைக் கொண்டுவந்து காட்டி ஏமாற்றும் கூட்டம் ஒன்று நம் மாவட்டங்களில் சுற்றுகிறது. காசு அரிசியை இழுக்காது. இழுத்தால் உள்ளே காந்தமும் அரிசியில் இரும்புத் தூளும் இருக்கின்றன.

விலை? சாதாரண அக்சும் செம்புக் காசு உலகச் சந்தையில் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் போவதில்லை. தங்கப் பூச்சு நன்றாக இருந்தால் கூடும். லட்சக்கணக்கு என்பது வெறும் பேச்சு. எத்தியோப்பியாவும் தன் தொல்பொருளை அனுமதியில்லாமல் வெளியே விடுவதில்லை. எனவே பிற்பாடு விற்றாலும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாலும், காசு எப்போது, யார் வழியாக வந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அப்பாவின் பழைய பாஸ்போர்ட், பணி நியமனக் கடிதம், அங்கிருந்து எழுதிய கடிதங்கள் ஆகியவற்றைக் காசோடு சேர்த்து வையுங்கள்.

ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள், மலிவான பிளாஸ்டிக் கவர் வேண்டாம், அதுவும் செம்பை அரிக்கும். நகை எடை போடும் தராசில் எடை பார்த்து, இரு பக்கமும் படமெடுத்து, உறையின் மேல் எழுதி வையுங்கள். முன்பணம் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த ஆளின் செய்திகளை அழிக்காதீர்கள். இன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.