மறுப்பும் தாக்கம்தான்

உளவியலாளர் ஃப்ராய்டு சொன்ன நனவிலியை, அதாவது நமக்கே தெரியாமல் இயங்கும் மனப்பகுதியை, பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் ஏற்கவே இல்லையே, அப்புறம் எப்படி அவர்மேல் ஃப்ராய்டின் தாக்கம் என்று கட்டுரையில் எழுதுவது எனக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம். 1943-இல் வந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் அவர் ஃப்ராய்டை மடக்கும் இடத்தைப் பாருங்கள்: மனத்துக்குள் ஒரு தணிக்கையாளர் சில எண்ணங்களை அமுக்குகிறார் என்றால், எதை அமுக்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமே? தெரிந்தால் அது எப்படி நனவிலி ஆகும்? தன்னைத்தானே ஏய்த்துக்கொள்வது பற்றிய அவருடைய வாதம் இந்தச் சண்டையில்தான் கூர்மை பெறுகிறது. அதே நூலின் கடைசிப் பகுதியில் 'இருத்தலிய உளப்பகுப்பாய்வு' என்று தனக்கென ஒரு முறையை முன்வைக்கிறார். 'உளப்பகுப்பாய்வு' என்ற ஃப்ராய்டின் பெயரைக்கூட விட மனசில்லை! (பின்னாளில் ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டனுக்காக ஃப்ராய்டைப் பற்றித் திரைக்கதையும் எழுதினார், அது தனிக் கதை.) இந்த இரண்டு இடங்களையும் வைத்துத் தொடங்குங்கள். ஃப்ராய்டுக்குப் பின் வந்த பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் இப்போதைக்கு வேண்டாம், பக்கம் போதாது.