வாடையில்லாத வஞ்சிரம்

கேள்வி: குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். சிற்பங்கள், ஓட்டல், கடல் எல்லாமே பிரமாதம். மீன் வாடை ஒன்றுதான் குறை. உலகமே வந்து பார்க்கும் ஊரில் இன்னும் கரையெல்லாம் வலையும் படகுமாகக் கிடப்பது அழகா? அரசு கவனிக்கக்கூடாதா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ஓட்டலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லையே? வறுத்த வஞ்சிரம் என்று பந்தயம் கட்டுகிறேன். தட்டில் வந்தால் வஞ்சிரம், கரையில் கிடந்தால் வாடை!

விடிகாலையில் பிடித்து வந்த மீனுக்கு அவ்வளவாக வாடை கிடையாது. கடல்மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்று ஒரு சரக்கு உண்டு. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை ட்ரைமெத்திலமீனாக மாற்றும். உங்கள் மூக்கு புகார் சொல்வது அதைத்தான். நேரம் ஆக ஆகக் கூடும்; புளியோ எலுமிச்சையோ பட்டால் அடங்கும். குழம்பில் புளி ஊற்றிய பாட்டிக்கு இந்தப் பெயரெல்லாம் தேவைப்படவில்லை. ஆக, கரையை விட உங்கள் ஊர் மார்க்கெட்டில்தான் வாடை அதிகம் இருக்க வேண்டும்.

கரையில் அடிப்பது பெரும்பாலும் கருவாடு. அதற்கு வருகிறேன். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் முன்னாள் செயலாளர், எங்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்தால் மறுநாளே சுற்றறிக்கை விடுவார். அவர் வீட்டில் தினமும் பெருங்காயம் தாளிப்பார்கள். அந்த மணம் கந்தகச் சேர்மங்களால் வருவது, சரக்கோ ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து இறங்குவது. அதற்கு நான் சுற்றறிக்கை விட்டேனா? நம் கரையில் காய்ந்த நெத்திலி நாற்றமாம், மலை தாண்டி வந்த கந்தகம் வாசனையாம். அவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, அழகு என்றீர்கள். 1985-ல் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தினார்கள். அது துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது, மீனவர்கள் செத்தார்கள். 2023-ல் அதே மெரினாவில், லூப் சாலையோர மீன் கடைகளை அகற்றப் போனார்கள். மீனவர்கள் படகுகளைத் தூக்கி வந்து சாலையின் குறுக்கே போட்டார்கள். அடுத்த வருடம் அங்கே மீன் அங்காடி திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்துவிட்டுக் கடைகளில் கை வைத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை!

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு சொல்லித் தருகிறார்கள், நாலு காசு பார்க்கிறார்கள். நன்றாக இருக்கட்டும். ஆனால் கரையோரம் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று சொல்லும் 2019-ஆம் வருடக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை ஒருமுறை படியுங்கள். மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில், கட்டுமானத்துக்குத் தடையிருந்த 200 மீட்டர் 50 மீட்டராகச் சுருங்கியிருக்கிறது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களோ கடல் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போதும். வலை காயும் இடத்தையும் படகு ஏற்றும் மணலையும் இந்த விதிகளுக்காக அரசு போடும் கரை வரைபடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பது மீனவர்களின் ஓயாத புகார். வரைபடத்தில் இல்லாத இடம் காலி இடம். காலி இடம் கண்ணில் பட்டால் நாற்காலி போட ஆள் வந்துவிடுவான். அப்புறம் படகை எங்கே நிறுத்துவது, ஓட்டல் வரவேற்பறையிலா?

மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் குவியும் தெருவின் பெயர் ஒத்தவாடைத் தெரு. அதையும் மாற்றச் சொல்லி அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள்.

அரசு கவனிக்க வேண்டும் என்றால் இப்படிக் கேளுங்கள்: மீன் இறக்கும் இடத்தில் ஐஸ், நல்ல தண்ணீர், வடிகால், மீன் விற்கும் பெண்களுக்குக் கழிப்பறை. பாதி வாடை அதிலேயே போய்விடும். மனு எழுதி அனுப்புங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.