அதிகாலையில் ஏன் ரப்பர் மரத்தில் பால் வெட்ட வேண்டும்? – அறிவியல் கேள்வி பதில்

கேள்வி: அப்பா இருட்டிலேயே பால் வெட்டப் போகிறார். வெயில் ஏறினால் பால் குறையுமாம். நாங்கள் படிக்கும் சவ்வூடு பரவலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? சில மணி நேரத்தில் ஒழுக்கு தானாக நிற்பது ஏன்?
– நான்காம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நேரடித் தொடர்பே உண்டு. மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) விழும் பால், பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்ச் செல்களின் சைட்டோபிளாசம்தான். அதில் சர்க்கரையும் உப்புகளும் செறிந்திருப்பதால் பக்கத்துச் செல்களிலிருந்து நீர் சவ்வைக் கடந்து உள்ளே வரும். இதுதான் சவ்வூடு பரவல். செல்சுவர் அதிகம் விரிந்து கொடுக்காது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறும். இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் நீர் இழப்பு மிகக் குறைவு. விடியலுக்கு முன் அந்த அழுத்தம் 10 அட்மாஸ்பியரையும் எட்டும். கார் டயரில் அடைக்கும் காற்றைப் போல் நாலைந்து மடங்கு! வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழுக்க, அழுத்தம் இறங்கிவிடும். அப்பா சொல்வது முற்றிலும் சரி.

உளி பட்டதும் குழாயின் வாயில் அழுத்தம் சரிகிறது, பால் பீறிடுகிறது. அந்த இடத்தை நிரப்ப நீர் சவ்வைக் கடந்து விரைந்து வரும். முதல் சொட்டுகள் கெட்டியாகவும் பிறகு வருபவை நீர்த்தும் இருப்பதை வெட்டுக் கோட்டிலேயே பார்க்கலாம். இப்படிப் பால் நீர்த்துப்போவதுதான் ஒழுக்கு நிற்பதற்கும் ஒரு காரணம். பாலில் லூட்டாய்டு என்னும் நுண்ணிய பைகள் மிதக்கின்றன. ஒற்றைச் சவ்வு கொண்ட இவற்றுக்குள் அமிலத்தன்மையுள்ள திரவமும், மக்னீசியம், கால்சியம் அயனிகளும், ஹெவின் என்னும் புரதமும் உண்டு. வெளியே செறிவு குறைந்ததும் நீர் உள்ளே புகுந்து பை வெடிக்கும். எதிர்மின்னேற்றம் கொண்ட ரப்பர் துகள்கள் அந்த அயனிகளாலும் புரதத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாய் வாயை அடைத்துவிடும்.

பால் ஒழுக்கைத் தூண்டும் எத்தஃபான் மருந்து பூசினால் அடைப்பு தாமதமாகி ஒழுக்கு நீளும். ஆனால் அளவு மீறினால் பட்டை வறண்டுபோகும். வெட்டிய பிறகு இழந்ததை ஈடுசெய்ய, நீர் தானாக வரும். ஆனால் சர்க்கரையை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்துத்தான் செல் உள்ளே இழுக்க வேண்டும். அதற்கு அவகாசம் தேவை. மரத்தை நாள் விட்டு நாள் வெட்டுவது இதனால்தான்.

கேள்வி: மகனின் பள்ளிச் சவ்வூடு பரவல் சோதனையில், சர்க்கரைக் கரைசலில் போட்ட உருளைக்கிழங்குத் துண்டுகள் எல்லாமே எடை குறைந்தன. எங்கே தவறு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கரைசல்கள் எல்லாமே அடர்த்தியாக இருந்திருக்கலாம். உருளைக்கிழங்குக்கு எடை கூடாமலும் குறையாமலும் இருக்கும் சமநிலை பெரும்பாலும் 0.3 மோலாரை (லிட்டருக்கு 0.3 மோல்) ஒட்டி வரும். எனவே 0 முதல் 0.6 வரை வையுங்கள். 0.3 மோலாருக்கு 10.26 கிராம் சுக்ரோஸை முதலில் 70 மில்லி நீரில் கரைத்து, பிறகு 100 மில்லிக்கு நிரப்ப வேண்டும். வெறும் நீரில் போட்ட துண்டும் இளைத்திருந்தால் சந்தேகம் எடை போட்ட விதத்தின் மேல்தான்: முதலில் ஈரத்தோடு நிறுத்து, பின்னர் ஒற்றித் துடைத்து நிறுத்திருப்பார்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி ஒற்றி எடுக்க வேண்டும். தோலை முழுவதும் சீவிவிடுங்கள். தோல் நீரைத் தடுக்கும். கிராமில் ஒப்பிடாமல் சதவீத மாற்றத்தை வரைபடத்தில் குறித்தால், கோடு பூச்சியத்தை வெட்டும் இடமே சமநிலைச் செறிவு.