ஒரே ஒரு நாள் பிட்சர்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் மாற்று வீரராக ஒரே ஆட்டத்தில் பந்து வீசிவிட்டு, பின்னர் பாதிரியாராகிவிட்டவர் யார்? அந்த ஆட்டம் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்ததா?

பதில்: அவர் பெயர் ஆலன் டிராவர்ஸ். 1912 மே 15 அன்று நியூயார்க்கில், தம்மை ஓயாமல் ஏசிய பார்வையாளர் ஒருவரை டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் நட்சத்திர வீரர் டை காப் இருக்கைகளுக்குள் ஏறிச் சென்று அடித்தார். டைகர்ஸ் ஆடிய தொழில்முறைப் போட்டித் தொடரான அமெரிக்கன் லீக்கின் தலைவர் பான் ஜான்சன் காபைக் காலவரையின்றி இடைநீக்கம் செய்ததும், காப் திரும்பும்வரை ஆடமாட்டோம் என்று சக வீரர்கள் அறிவித்தார்கள். அவர்களுள் பலருக்குக் காபைப் பிடிக்காது என்பதை நினைத்தால், அந்த ஒற்றுமை வியப்புக்குரியதே.

அணி களமிறங்காவிட்டால் 5,000 டாலர் அபராதம் என்ற நிலையில், உரிமையாளர் ஃபிராங்க் நவினுக்கு எப்படியாவது ஒன்பது பேர் வேண்டியிருந்தது. மே 18 அன்று ஆட்டம் பிலடெல்பியாவில் என்பதால் உள்ளூர் இளைஞர்களைத் திரட்டினார்கள். நாற்பதைக் கடந்த இரு பயிற்சியாளர்களும் சீருடை அணிந்தார்கள். புனித ஜோசப் கல்லூரி மாணவரான டிராவர்ஸ் கல்லூரி அணியில்கூட ஆடியவர் அல்லர். அதன் உதவி மேலாளராக இருந்தவர். பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, கூடுதல் பணம் என்றதால் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

எதிரே நின்றவர்களோ முந்தைய இரு ஆண்டுகளும் உலகத் தொடர் என்னும் சாம்பியன் பட்டப் போட்டியை வென்ற பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணியினர். டிராவர்ஸ் எட்டு இன்னிங்ஸ் வீசி 26 ஹிட் (மட்டையாளர் அடித்துத் தளத்தை எட்டும் அடி), 24 ஓட்டம் கொடுத்தார்; டைகர்ஸ் 24-2 என்று தோற்றது. அந்த 24 ஓட்டங்களில் 14 மட்டுமே பிட்சரே பொறுப்பு என்று கணக்கிடப்படுபவை. மற்றவை பின்னால் நின்றவர்களின் பிழைகளால் வந்தவை.

ஆட்டம் அதிகாரபூர்வமானதுதான். ஒரே ஆட்டத்தில் ஒரு பிட்சர் 24 ஓட்டங்கள் கொடுத்தது அமெரிக்கன் லீக்கில் இன்றும் சாதனையாகவே நிற்கிறது. என் பார்வையில் அது டிராவர்ஸின் திறமைக் குறைவைவிட நவினின் அவசரத்தையே காட்டுகிறது. காபே கேட்டுக்கொண்டதால் வீரர்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். டிராவர்ஸ் மீண்டும் அந்தக் களத்துக்கு வரவில்லை, 1926இல் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அன்று அவருடன் ஆடிய எட் இர்வின் மூன்று முறை மட்டை பிடித்து இரண்டு டிரிபிள் (மூன்றாம் தளம்வரை ஓடவைக்கும் ஹிட்) அடித்ததால், அவருடைய வாழ்நாள் மட்டைச் சராசரி .667 என்று பதிவாகியுள்ளது; அதை வைத்து அவரைக் காபைவிடச் சிறந்தவர் என்று யாரும் சொல்வதில்லை.