வாசகர் கேள்வி – பதில்: வாகனக் குறைபாட்டுக் கூட்டு வழக்கும் உங்களுக்கு வர வேண்டிய இழப்பீடும்

கேள்வி: நாங்கள் பழைய கார் ஒன்றை வாங்கினோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் நெடுஞ்சாலையில் இன்ஜின் தட்டும் சத்தத்துடன் நின்றுபோனது. கைப்பணம் போட்டுச் சரிசெய்தோம். இப்போது ஒரு நீதிமன்றத்தின் பெயரிட்டு, இழப்பீடு கோரலாம் என்று தபாலில் கடிதம் வந்திருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் கட்ட வேண்டுமோ, வேலை விசாவில் இருக்கும் நமக்கு வழக்கு என்றால் வம்பாகுமோ என்று அஞ்சி என் கணவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டார். அது சரிதானா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: சரியல்ல. அந்தக் கடிதத்தை இன்றே எடுத்து, அதில் குறிப்பிட்டிருக்கும் கடைசித் தேதியை முதலில் பாருங்கள். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதி 23இன்படி, ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பல்லாயிரம் பேருக்காகச் சிலர் மட்டும் வழக்குத் தொடுக்கலாம். இழப்பீடு கோரும் இத்தகைய வழக்குகளில், விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுக்காத எல்லாரும் அந்தக் குழுவில் இருப்பதாகவே கொள்ளப்படும். ஆகவே நீங்கள் பேசாமல் இருந்தால் வழக்குக்கு வெளியே இருப்பதாகப் பொருளாகாது. வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனமும் வழக்குத் தொடுத்தவர்களும் செய்யும் உடன்பாடு உங்களையும் கட்டுப்படுத்தும், அதே குறைக்காக அந்த நிறுவனத்தின்மேல் தனியே வழக்குத் தொடுக்கும் உரிமையும் போய்விடும், இழப்பீடு கோரும் படிவம் அனுப்பாததால் கைக்குப் பணமும் வராது. தகுதியிருந்தும் இப்படி இரண்டையும் இழப்பவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

விசா பற்றிய அச்சம் வேண்டாம். குழுவில் யார் யார் அடங்குவர் என்பதைக் கடிதத்திலேயே வரையறுத்திருப்பார்கள். குறிப்பிட்ட மாடலை, குறிப்பிட்ட ஆண்டுகளில், அமெரிக்காவில் சொந்தமாகவோ குத்தகைக்கோ வைத்திருந்தவர்கள் என்பதே வழக்கமான வரையறை. குடியுரிமை அதில் கேட்கப்படுவதில்லை. நீங்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதுமில்லை. வழக்கறிஞர் கட்டணத்தை நீதிபதி பரிசீலித்து அனுமதிப்பார். அதை நிறுவனம் தனியாகத் தரும், அல்லது இழப்பீட்டு நிதியிலிருந்து எடுப்பார்கள். உங்களிடம் முன்பணம் கேட்டு யாராவது அழைத்தால் அது மோசடி என்றே கொள்ளுங்கள். கடிதம் உண்மையானதா என்று அறிய, அதிலுள்ள வழக்கு எண்ணை நீதிமன்றப் பதிவுகளில் தேடிப் பார்க்கலாம்.

இரண்டாம் கையாக வாங்கியவருக்கும் உரிமை உண்டா என்பதற்கு ஹூண்டாய், கியா இன்ஜின் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘தீட்டா 2’ வகை இன்ஜின்களில், உற்பத்தியின்போது கிராங்க் ஷாஃப்டின் எண்ணெய்ப் பாதையில் தங்கிய உலோகத் துகள்கள், கனெக்டிங் ராடு பேரிங்குக்கு எண்ணெய் போவதைத் தடுத்தன. பேரிங் தேய்ந்து, தட்டும் சத்தம் எழுந்து, ஓடும்போதே இன்ஜின் நின்றுபோன புகார்கள் குவிந்தன. 2015இல், குறைபட்ட கார்களைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப வரவழைக்கும் ‘திரும்ப அழைப்பு’ (ரீகால்) தொடங்கியது. 2019இல் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டுக்குக் கலிஃபோர்னியாவிலுள்ள மத்திய நீதிமன்றம் 2021இல் இறுதி ஒப்புதல் தந்தது. கைப்பணம் போட்டுப் பழுதுபார்த்தவர்களுக்கு அந்தச் செலவைத் திருப்பித் தருவதோடு, பேரிங் பழுதின் அறிகுறியை முன்கூட்டியே கண்டறியும் நாக் சென்சார் மென்பொருளைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின்பேரில், இன்ஜினின் அடிப்பகுதிக்கு (ஷார்ட் பிளாக்) ஆயுட்கால வாரண்டியும் அதில் உண்டு. பின்னால் வாங்கியவர்களுக்கும் அது பொருந்தும். உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் கடிதமே சொல்லும்.

இனி மிக முக்கியமானது ரிப்பேர் பில். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு போதாது. அதில் 17 எழுத்தும் எண்ணும் கலந்த வாகன அடையாள எண், தேதி, அன்று ஓடியிருந்த மைல், நீங்கள் சொன்ன புகார், மெக்கானிக் கண்ட காரணம், மாற்றிய பாகம் ஆகியவை இருக்க வேண்டும். ‘சத்தம் வருகிறது, பார்த்தோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், குறைபட்ட பாகத்துக்கும் உங்கள் செலவுக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது கடினம். பணம் கட்டியதற்குத் தனிச் சான்றாக கிரெடிட் கார்டு கணக்கையும் இணையுங்கள். எல்லாவற்றின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் ஏதேனும் குறை இருப்பதாக, கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் நிர்வாகியிடமிருந்து மறு கடிதம் வந்தால், அதற்குத் தரப்படும் கால அவகாசம் பெரும்பாலும் குறுகியது.

தரவேண்டிய தொகை உங்களுக்குப் போதாது என்று தோன்றினால், குறித்த நாளுக்குள் விலகிக்கொண்டு தனி வழக்குத் தொடுக்கலாம். குழுவில் இருந்தபடியே நீதிபதிக்கு ஆட்சேபமும் எழுதலாம். சில ஆயிரம் டாலர் செலவுக்குத் தனி வழக்கு பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பதே என் எண்ணம். ஆனால் அந்தக் குறையால் யாருக்காவது உடற்காயம் ஏற்பட்டிருந்தால், கையெழுத்திடுமுன் ஒரு வழக்கறிஞரைக் கட்டாயம் பாருங்கள். இத்தகைய உடன்பாடுகள் பெரும்பாலும் காயத்துக்கான கோரிக்கையைத் தொடுவதில்லை என்றாலும், அதை வாசகத்தைப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: வாரண்டியில் இலவசமாகவே சரிசெய்தார்கள். செலவே இல்லாதபோது எதைக் கோருவது? பில்லும் கைவசமில்லை.
– ஒரு வாசகர், டல்லாஸ், டெக்சஸ்

பதில்: இலவசப் பழுதுபார்ப்புக்கும் மதிப்புண்டு. ஃபோர்டு ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களின் ‘பவர்ஷிஃப்ட்’ தானியங்கி கியர் வழக்கில், பாகம் மாற்றுவதற்காக டீலரிடம் எத்தனை முறை போனார் என்பதை வைத்தே ரொக்க இழப்பீடு கணக்கிடப்பட்டது. கட்டிய தொகை பூஜ்யம் என்று அச்சிட்ட தாளும் அங்கே சான்றானது. டீலரிடம் உங்கள் வாகன அடையாள எண்ணைக் கொடுத்து, பழைய சர்வீஸ் பதிவுகளின் நகலைக் கேளுங்கள். டீலர் கடை மூடியிருந்தால், வாரண்டிப் பணிக்கான பதிவைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

கேள்வி: அமெரிக்காவில் இழப்பீடு தந்த அதே மாடல் கார் இங்கே என்னிடம் இருக்கிறது. நானும் விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: இயலாது, அந்த உடன்பாடுகள் அமெரிக்காவில் வாங்கிய அல்லது குத்தகைக்கு எடுத்த வாகனங்களோடு நின்றுவிடும். இங்கே உங்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. அதன் 35ஆவது பிரிவின்படி, ஒரே நலன் கொண்ட பல நுகர்வோருக்காக ஒருவரோ சிலரோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் அனுமதியுடன் புகார் தரலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 110ஏ பிரிவு, குறைபட்ட வாகனங்களைத் திரும்ப அழைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. முதலில் உங்கள் காரின் அடிச்சட்ட (சேசிஸ்) எண்ணைக் கொடுத்து, உங்கள் காருக்கு இந்தியாவில் திரும்ப அழைப்பு வந்திருக்கிறதா என்று டீலரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பதில் வாங்குங்கள். பின்னர் புகார் கொடுக்க நேர்ந்தால் அந்தப் பதிலை அதனோடு இணைக்கலாம்.